கிராண்ட் க்ரூ வாங்கி அசடு வழிந்த கதை: கேள்வி–பதில்

போன மாதம் ஐரோப்பா டூர் பற்றி எழுதியபோது பிரான்சின் ஒயின் தோட்டங்களை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். அதற்குத் தண்டனைபோல வந்து குவிந்த கடிதங்களிலிருந்து சில இங்கே. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களைப் போடவில்லை. சிலர் அதற்கு எனக்கு நன்றி சொல்வார்கள்.

கேள்வி: பத்து நாள் லீவு. போர்தோ, பர்கண்டி, ஷாம்பெய்ன், அல்சாஸ், லுவார், ரோன், ப்ரொவான்ஸ் எல்லாவற்றையும் பார்க்க ஒரு திட்டம் போட்டுத் தாருங்கள். (கோவை)

பதில்: முடியாது.

சரி, இவ்வளவு தூரம் எழுதிக் கேட்டதற்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிரான்ஸ் நம் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. போர்தோ மேற்கே அட்லாண்டிக் பக்கம், அல்சாஸ் கிழக்கே ஜெர்மனி எல்லை. ஏழையும் பார்க்க நினைத்தால் ரயில் ஜன்னலைத்தான் பார்ப்பீர்கள். இரண்டைத் தேர்ந்தெடுங்கள். பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கே நான்கு நாள். பிறகு பர்கண்டியோ அல்சாஸோ, உங்கள் இஷ்டம். ஆகஸ்டில் போகாதீர்கள், சின்ன உற்பத்தியாளர்கள் பலர் கடையைப் பூட்டிவிட்டு அவர்களும் லீவுக்குப் போய்விடுவார்கள். செப்டம்பர் அறுவடைக் காலம். தோட்டம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உங்களோடு நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது.

கேள்வி: பாரிஸிலிருந்து ஒரு நாள் ஷாம்பெய்ன் டூர், ஆளுக்கு 290 யூரோ என்கிறார்கள். நியாயமான விலையா? (சிங்கப்பூர்)

பதில்: எதற்காக 290 என்று கேட்டீர்களா? பாரிஸின் கார் து லெஸ்த் ஸ்டேஷனில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஷாம்பெய்ன் வட்டாரத்தின் ரான்ஸ் நகரம். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய பேராலயம். பெரிய ஷாம்பெய்ன் நிறுவனங்களின் நிலவறைகளை அவரவர் இணையதளத்திலேயே முன்பதிவு செய்யலாம். ரயில் டிக்கெட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் அந்த 290க்கு வெகுதூரம் கீழேதான் நிற்கும். டூர்காரர் உங்களை ரான்ஸில் இறக்கி ஒரு பெரிய நிலவறையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்புகிறார் என்றால் காசு தண்டம். சின்ன வேனில், பஸ் போகாத கிராமங்களில் இருக்கும் விவசாயிகளின் வீட்டுக்கே கூட்டிப்போகிறார் என்றால் யோசிக்கலாம்.

அந்த விவசாயிகளின் பாட்டிலை அடையாளம் காண ஒரு வழி உண்டு. லேபிளின் அடியில் கொசு எழுத்தில் ஒரு எண்ணும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருக்கும். ஆர்.எம். என்றால் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே தயாரித்தவர். என்.எம். என்றால் திராட்சையை வெளியிலும் வாங்கிச் செய்யும் நிறுவனம், பெரிய பெயர்கள் பெரும்பாலும் இதுதான். எம்.ஏ. என்றால் யாரோ தயாரித்ததை ஒரு கடையோ ஹோட்டலோ தன் பெயர் ஒட்டி விற்கிறது. மூன்றிலும் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. ஆனால் எம்.ஏ. பாட்டிலை "எங்கள் குடும்பத் தயாரிப்பு" என்று சொல்லி விற்றால் நடையைக் கட்டுங்கள்.

அப்புறம், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். கோடையிலும் சுண்ணாம்புக்கல் நிலவறைக்குள் 10, 12 டிகிரிதான்.

கேள்வி: சென்னை ஏஜென்ட் ஒருவரிடம் போர்தோவில் "ஐந்து ஷத்தோ (ஒயின் தோட்ட மாளிகை), ருசி பார்த்தல், மதிய உணவு" என்று பணம் கட்டினோம். நான்கு ஷத்தோக்களின் கேட்டுக்கு வெளியே நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஐந்தாவது என்று கூட்டிப்போனது ஒரு கடை. அம்மாவுக்கு 68 வயது, வெயிலில் நின்று மயக்கமே வந்துவிட்டது. ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை. (தாம்பரம்)

பதில்: படித்ததும் கோபம் வந்தது. முதலில், இது உங்கள் தவறு இல்லை. போர்தோவின் மெதோக் பகுதியில் உள்ள ஷத்தோக்களில் பெரும்பாலானவை முன்பதிவு இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. உங்கள் ஆள் பதிவே செய்யாமல் பணத்தை வாங்கியிருக்கிறார் என்பதுதான் என் ஊகம்.

செய்ய வேண்டியது இது. பிரோஷர், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அந்த கேட் முன்னால் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். அந்தப் படங்கள்தான் உங்கள் சாட்சி, அவர்களே எடுக்கச் சொன்னது! கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் இன்றைக்கே தகராறு பதிவு செய்யுங்கள், அதற்குக் கெடு உண்டு. அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் பிரான்சில் நடந்ததே என்று தயங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை. அம்மாவின் மயக்கத்தையும் மனுவில் எழுதுங்கள், மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முடிவு என்ன ஆனாலும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: லேபிளில் உயர்தரப் பட்டம்போல "கிராண்ட் க்ரூ" என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? (மதுரை)

பதில்: கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவன்தான் எழுதுகிறேன்.

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்குப் போர்தோ பக்கம் சான்ட் எமிலியோன் போயிருந்தோம். வழவழப்பான கல் பாவிய தெருக்கள், பாறையைக் குடைந்து கட்டிய தேவாலயம், இரண்டடிக்கு ஒரு ஒயின் கடை. ஒரு கடையில் "சான்ட் எமிலியோன் கிராண்ட் க்ரூ" என்ற பாட்டிலை 60 யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கினேன். மனைவியிடம் "இந்த ஊரின் முதல் தரம்" என்று பெருமையடித்தேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் வாயையே திறக்கவில்லை, பேசியதெல்லாம் நான்தான். திரும்பும் ரயிலில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெயர் தரத்துக்கான பட்டமே இல்லை. சாதாரண சான்ட் எமிலியோனைவிடக் கொஞ்சம் கடுமையான விதிகளோடு தயாரிக்கும் ஒயினுக்கான பெயர், அவ்வளவுதான். அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். பட்டம் என்பது "கிளாஸே" என்ற வால் சேர்ந்தால்தான். அந்தத் தரவரிசையும் 1955இல் தொடங்கி, பத்து வருடத்துக்கு ஒருமுறை திருத்துவதாகச் சொல்லி, பிறகு கோர்ட் கச்சேரி என்று நாறியது. உச்சியில் இருந்த ஷெவால் ப்ளாங், ஓசோன் என்ற இரண்டு ஷத்தோக்களும் 2021இல் "எங்களுக்கு உங்கள் பட்டமே வேண்டாம்" என்று விலகிவிட்டன.

பக்கத்திலேயே இருக்கும் மெதோக்கில் கதை வேறு. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் அப்போதைய சந்தை விலையை வைத்து ஐந்து படிகளாக ஒரு பட்டியல் போட்டார்கள். நூற்று எழுபது ஆண்டுகளாக அதே பட்டியல்தான். மேலே ஏறிய ஒரே பெயர் மூத்தோன் ரோத்ஷீல்ட், அதுவும் 1973இல். அங்கே பட்டம் ஷத்தோவுக்கு. நாளைக்கு அந்த ஷத்தோ பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டாலும் பட்டம் கூடவே போகும்.

பர்கண்டிக்குப் போங்கள், பட்டம் நிலத்துக்கு. அங்கே கிராண்ட் க்ரூ என்பது 33 தோட்டங்கள். க்ளோ த வூஜோ என்ற ஒரே தோட்டம், 50 ஹெக்டேர், சுமார் 80 உரிமையாளர்கள். எல்லார் பாட்டிலிலும் ஒரே பெயர், உள்ளே எண்பது கைப்பக்குவம். ஷாம்பெய்னில் பட்டம் கிராமத்துக்கு, 17 கிராமங்கள். அல்சாஸில் 51 மலைச்சரிவுகள். ஒரே பட்டத்தை ஓர் ஊரில் வீட்டுக்கும், அடுத்த ஊரில் வயலுக்கும், இன்னோர் ஊரில் மொத்தக் கிராமத்துக்கும் கொடுத்தால் வாங்குகிறவன் என்ன செய்வான்?

இதில் ஒட்டுப்பெயர் வித்தை வேறு. பர்கண்டியில் ஜெவ்ரே என்ற கிராமம், 1847இல் தன் எல்லைக்குள் இருந்த புகழ்பெற்ற ஷாம்பர்த்தான் தோட்டத்தின் பெயரைத் தன் வாலில் சேர்த்துக்கொண்டது. பல கிராமங்கள் அதையே செய்தன. "ஜெவ்ரே-ஷாம்பர்த்தான்" கிராமத்து ஒயின். "ஷாம்பர்த்தான்" மட்டும் என்றால் அந்தத் தோட்டத்துடையது, விலை பல மடங்கு. இதெல்லாம் சட்டப்படி சுத்தம். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"வியேய் வீஞ்" அதாவது முதிய கொடி என்று போட்டிருந்தால் எத்தனை வயது என்று கேளுங்கள். அதற்குச் சட்டத்தில் வரையறை கிடையாது. "கிராண் வேன் த போர்தோ" (போர்தோவின் உயர்ந்த ஒயின்) என்பது தங்க எழுத்தில் எழுதிய சும்மா வார்த்தை. நான் முதலில் தேடுவது "மி ஸான் பூத்தேய் ஓ ஷத்தோ" என்ற வரி. விளைந்த இடத்திலேயே பாட்டிலில் அடைத்தது என்று பொருள். தரத்துக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் யாரிடம் சண்டை போடுவது என்றாவது தெரியும்.

அந்த 60 யூரோ ஒயின் எப்படி இருந்தது என்கிறீர்களா? நன்றாகவே இருந்தது. "முதல் தரம்" என்று மனைவி இன்றைக்கும் எதற்கெடுத்தாலும் சொல்லிக் காட்டுவதுதான் தாங்கவில்லை.

கேள்வி: 2021 நவம்பரில் பாரிஸில் வாங்கிய பூஜோலே நூவோ நான்கு பாட்டில், மகள் கல்யாணத்துக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போது மதிப்பு கூடியிருக்குமா? (திருச்சி)

பதில்: அது ஊறுகாய் இல்லை ஐயா. நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளியாகி, அடுத்த சில மாதங்களில் குடித்து முடிக்க வேண்டிய புது ஒயின். "நூவோ" என்றாலே புதியது. கல்யாணத்துக்கு வேறு வாங்குங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மகன் வற்புறுத்தி ஒயின் டூருக்குக் கூட்டிப்போகிறான். திராட்சை ரசம்தானே, சைவம்தானே? (மயிலாப்பூர்)

பதில்: நல்ல கேள்வி, பல பேர் கேட்பதே இல்லை. கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பசை, ஏதாவது ஒன்றைச் சேர்ப்பது பழைய வழக்கம். போர்தோ சிவப்புக்கு முட்டைதான் மரபு. சேர்த்தது அடியில் படிந்ததும் ஒயினை மேலாகப் பிரித்துவிடுவார்கள். முட்டையும் பாலும் மிச்சம் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும், மீனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. களிமண் வைத்துத் தெளியவைப்பவர்களும், தெளியவைக்காமலே அடைப்பவர்களும் உண்டு. "வேகன்" என்று போட்டதைக் கேளுங்கள்.

ஒயினைவிட எச்சரிக்கை கூட வரும் சீஸ் தட்டுக்கு. பல பிரெஞ்சு சீஸ்களைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். முன்பதிவின்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள். குடிக்கவே விருப்பம் இல்லை என்றால் போன் நகரத்தில் (தொலைபேசி இல்லை, பர்கண்டியின் ஊர்) 1443இல் ஏழைகளுக்காக நிறுவிய ஆஸ்பத்திரி இருக்கிறது. வண்ண ஓடு வேய்ந்த அதன் கூரைக்காகவே போகலாம்.

கேள்வி: வாடகைக் கார் எடுத்திருக்கிறோம். மூன்று தோட்டம், ஒவ்வொன்றிலும் ஓரிரு கிளாஸ்தான். நானே ஓட்டலாமா? (ஹைதராபாத்)

பதில்: கூடாது. பிரான்சில் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், உங்கள் கணக்கு அதைத் தாண்டும். ருசி பார்க்கும் இடத்தில் துப்புவதற்கு ஒரு வாளி வைத்திருப்பார்கள். தேர்ந்தவர்கள் துப்புவார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அது பிடிக்கவில்லை என்றால் குடிக்காத ஒருவர் ஓட்டட்டும்.

கேள்வி: திரும்பப் பெற முடியாத டிக்கெட்டில் இரண்டு தோட்ட டூர்களுக்குப் பணம் கட்டினேன். பிறகு விசா மறுத்துவிட்டார்கள். இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யலாம் என்று ஐரோப்பியச் சட்டம் சொல்கிறதே? (சேலம்)

பதில்: குறிப்பிட்ட தேதிக்கு எடுத்த பொழுதுபோக்குச் சேவைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. "திரும்பப் பெற முடியாது" என்பதைப் படித்துவிட்டுத்தான் கட்டினீர்கள், விசா கையில் இல்லை என்பதும் தெரியும். தேதியை மாற்றித் தருவீர்களா என்று பணிவாக ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். அதற்கு மேல் நான் என்ன செய்ய?

கேள்வி: இந்தியாவுக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? கடைக்காரர் பார்சலில் அனுப்புவதாகவும் சொல்கிறார். (ஈரோடு)

பதில்: வரியில்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர். ஒயின் பாட்டில் 750 மில்லி, மூன்று என்றால் 2.25 லிட்டர், தாண்டிவிடும். அதனால் இரண்டு முழு பாட்டில், ஒரு 375 மில்லி அரை பாட்டில். செக்-இன் பெட்டியில், துணி சுற்றி. ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி, பில் போடும் முன்பே "தேதாக்ஸ்" (வரியைத் திரும்பப் பெறும்) படிவம் கேளுங்கள். ஏர்போர்ட்டில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன் அந்தப் படிவத்தை இயந்திரத்தில் ஸ்கேன் செய்ய வேண்டும். மறந்தால் வரி திரும்பாது.

பார்சலா? ஆறு பாட்டில் அனுப்பி வாங்கியவன் நான். சுங்கத்தில் கிடந்து, பாட்டில் விலையைவிட வரி அதிகமாகி, வெயிலில் வெந்து வந்து சேர்ந்தது. ரசத்தில் ஊற்றலாமா என்று மனைவி கேட்டாள்.

கேள்வி: பாரிஸ் லா ஷப்பெல் பக்கம் இருக்கிறோம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரருக்கு சூப்பர் மார்க்கெட் ஒயின் வாங்கிக் கொடுத்தால் மரியாதைக் குறைவு என்கிறார் என் கணவர். ஏர்போர்ட்டில் வாங்கலாமா?

பதில்: ஏர்போர்ட்டில் பளபளப்புக்கும் சேர்த்துத்தான் விலை. செப்டம்பரில் உங்கள் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டிலேயே ஒயின் சந்தை போடுவார்கள், நல்ல போர்தோ நியாயமான விலைக்குக் கிடைக்கும். வாங்கி ஒரு அழகான துணிப்பையில் போட்டுக் கொடுங்கள். விலைச் சீட்டை மட்டும் கிழித்துவிடுங்கள், கணவர் பார்ப்பதற்கு முன்னால்.