நாய் தலைய சாய்ச்சுகினு தள்ளாடுது, மூளையில கட்டியா?

மணலி புதுநகர்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: எட்டு ஆடு வெச்சிருக்கேன், காவலுக்கு ஆறு வயசு நாட்டு நாய். நாலு நாளா தலைய இடது பக்கம் சாய்ச்சுகினு சுத்தி சுத்தி வந்து விழுது. மூளையில நீர்க்கட்டின்னு பக்கத்து வீட்டு தம்பி சொல்றாரு, பயமா இருக்கு.

அக்கா, நாய்க்கு மூளையில நீர்க்கட்டி வர்றது உண்டுதான், ஆனா அது அபூர்வம், அதுவும் பெரும்பாலும் ஷிட்ஸூ, பக் மாதிரி சின்ன, மூஞ்சி சப்பையான ஜாதிங்களுக்கு பிறவியிலயே இருக்கறது. உங்க நாய்க்கு மொதல்ல காத பாருங்க. உள்காதுல சீழ் புடிச்சாலே இப்படித்தான் சீழ் இருக்கற பக்கமா சாயும், விழும். நாத்தம் அடிக்குதா, தொட்டா கத்துதா? எண்ணெய், சொட்டு மருந்து எதையும் நீங்களா ஊத்தாதீங்க, செவிப்பறை கிழிஞ்சிருந்தா காதே போயிடும். உண்ணி காய்ச்சல்லயும் தள்ளாடும், அதனால உடம்புல உண்ணி இருக்கான்னும் தடவி பாருங்க.

இன்னொண்ணு, வெறிநாய் ஊசி போடலன்னா, எச்சில் ஒழுகுது, தண்ணி முழுங்க முடியலன்னா தயவு செஞ்சு கிட்ட போகாதீங்க, பசங்களையும் விடாதீங்க, தூரத்துல இருந்தே கதவ சாத்தி அடைச்சிட்டு உடனே டாக்டர கூப்பிடுங்க.

ஊசி போட்ட நாயா, நல்லா சாப்பிடுதுன்னா ஒரு பாதத்த மடக்கி மேல்பக்கம் தரையில படற மாதிரி வெச்சு பாருங்க, உடனே நேரா திருப்பிக்கிச்சுன்னா அனேகமா காதுதான், அப்படியே வெச்சுகினு நின்னா, இல்ல கண்ணு மேலயும் கீழயும் ஆடினா, வலிப்பு வந்தா அப்போதான் மூளைய சந்தேகப்படணும். அதுக்கு வேப்பேரி கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போங்க. கட்டி எக்ஸ்ரேல தெரியாது, எம்ஆர்ஐ, இல்ல சிடி ஸ்கேன்தான் எடுக்கணும், கட்டியா இருந்தாலும் சிலதுக்கு மாத்திரையிலயே அழுத்தம் கொறையும், சிலதுக்கு ஆபரேஷன் பண்ணி நீர வடிய விடுவாங்க.

நீங்க கேக்கலன்னாலும் சொல்றேன், நாயால மூளையில நீர்க்கட்டி வர்றது பெரும்பாலும் உங்க ஆட்டுக்குத்தான். நாய் வயித்துல இருக்கற நாடாப்புழுவோட முட்டை நாயோட மலத்துல வந்து புல்லுல ஒட்டும், அத ஆடு மேய்ஞ்சா மூளையில கட்டியா வளந்து ஆடு வட்டம் சுத்தும், ஒரு பக்க கண்ணு தெரியாம போகும். அதனால டாக்டர கேட்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா நாய்க்கு பூச்சி மாத்திரை குடுங்க, செத்த ஆட்டோட தலைய அது வாயில படாத மாதிரி ஆழமா புதைச்சிடுங்கக்கா.