ஆறாம் கிளாஸ் பிள்ளைக்குப் போர் நாவல் குடுக்கலாமா?

கேள்வி: அக்கா வணக்கம். கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல லைப்ரேரியனா இருக்கேன். ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் என் பொறுப்பு. உலகப் போர் பத்தின நாவல்கள் கொஞ்சம் வாங்கலாம்னு லிஸ்ட் போட்டுக் குடுத்தேன், "ரத்தம், சாவு வர்ற புக் எதுவும் வேண்டாம்"னு மேனேஜ்மென்ட்ல சொல்லிட்டாங்க. எந்த வயசுக்கு எதுன்னு எப்படித்தான் முடிவு பண்றது?

பதில்: வணக்கம் டீச்சர். சாவு வருதா இல்லையான்னு மட்டும் பார்த்தா நம்ம பிள்ளைங்க காலங்காலமா படிக்கிற சிவகாமியின் சபதத்தையே எடுத்து உள்ள வைக்கணும், அதுல வாதாபி நகரமே பத்தி எரியுது. அதைப் படிச்சிட்டு யாரும் கெட்டுப் போகல. அதனால அந்த ஒரு அளவுகோலை வச்சு லிஸ்டை வெட்டாதீங்கன்னு அவங்ககிட்ட தைரியமா பேசுங்க.

நான் பார்க்கிறது வேற. கதையில கஷ்டம் வரும்போது அந்தப் பிள்ளை பாத்திரத்துக்குப் பக்கத்துல யாராவது இருக்காங்களா? கொடூரம் கண்ணு முன்னாடி நடக்குதா, இல்ல சேதியா வந்து சேருதா? அப்புறம் முக்கியமா, நடந்த சரித்திரத்தைக் கதை மாத்திச் சொல்லுதா? இந்த மூணையும் கேட்டுட்டாலே பாதி லிஸ்ட் தானா செட் ஆயிடும்.

லோயிஸ் லோரி எழுதின 'நம்பர் த ஸ்டார்ஸ்' எடுத்துக்கோங்க, 1989ல வந்தது, மறு வருஷம் நியூபெரி மெடல் வாங்குச்சு, அது அமெரிக்காவுல பிள்ளைங்க புக்குக்குக் குடுக்கிற விருது. 1943, ஜெர்மன் ராணுவம் பிடிச்சு வச்சிருந்த டென்மார்க்கோட தலைநகர் கோபன்ஹேகன். ஆன்மரிக்குப் பத்து வயசு, அவளோட ஃப்ரெண்ட் எல்லன் யூதப் பொண்ணு, ஜெர்மன் சோல்ஜர்ஸ் யூதர்களைத் தேடி நடு ராத்திரி வீட்டுக்குள்ள வர்றாங்க, எல்லனை இறந்துபோன தன் மூத்த பொண்ணுன்னு சொல்லி ஆன்மரியோட அப்பா காப்பாத்துறார். படிக்கிற பிள்ளைக்கு நெஞ்சு அடிச்சுக்கும், ஆனா அந்த வீட்ல அப்பாவும் அம்மாவும் கூடவே நிக்கிறாங்க, அதுதான் பிடிமானம். கதையில சாவும் உண்டு, ஆன்மரியோட அக்காவைக் கட்டிக்க இருந்த பையனை நாஜிகள் சுட்டுடறாங்க, ஆனா அது சேதியாத்தான் வரும். இன்னொண்ணு, கடைசியில ஆசிரியரே எது நிஜம் எது கற்பனைன்னு பிரிச்சு எழுதியிருக்காங்க. டென்மார்க்ல இருந்து ஏழாயிரத்துக்கு மேல யூதர்கள் படகுல ஸ்வீடனுக்குத் தப்பிச்சது நிஜம், படகைச் சோதனை போடுற நாய்ங்களுக்கு மோப்பம் தெரியாம இருக்க கைக்குட்டையில மருந்து தடவினதும் நிஜம். இப்படி ஆசிரியர் குறிப்பு இருக்கிற புக்குக்கு எப்பவும் முதல் இடம் குடுங்க. ஆறாவதுக்கு யோசிக்காம வாங்கலாம்.

ஆறாவதுக்கே சடாக்கோங்கிற ஜப்பான் பொண்ணோட கதையும் சரி. 1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமாவுல அணுகுண்டு விழுந்தப்ப அவளுக்கு ரெண்டு வயசு, பத்து வருஷம் கழிச்சு, பன்னெண்டு வயசுல, லுகேமியாவுல, அதாவது ரத்தப் புற்றுநோய்ல, இறந்துட்டா. ஆயிரம் காகிதக் கொக்கு மடிச்சா நினைச்சது நடக்கும்னு நம்பி மடிச்சுட்டு இருந்தா. எலனோர் கோயர் எழுதின புக்ல அவ 644 கொக்கு மடிச்சதோட இறந்துட்டா, மீதியைக் கூடப் படிச்சவங்க மடிச்சாங்கன்னு வரும். நிஜத்துல அவ ஆயிரத்தையும் தாண்டி மடிச்சிருக்கா. பிள்ளைங்ககிட்ட புக்கைக் குடுக்கும்போதே இதையும் சொல்லிடுங்க, கதை எழுதுறவங்க எங்க கை வைக்கிறாங்கன்னு இந்த வயசுலயே தெரிஞ்சுக்கிறது நல்லது.

ஏழாவதுக்கு மைக்கேல் மொர்பர்கோவோட 'வார் ஹார்ஸ்'. முதல் உலகப் போர், குதிரை சொல்ற கதை, அதனால இங்கிலீஷ்காரன் நல்லவன் ஜெர்மன்காரன் கெட்டவன்ங்கிற கணக்கே அதுல கிடையாது. டெபோரா எல்லிஸோட 'த பிரெட்வின்னர்' ஏழாவது கடைசியில இல்ல எட்டாவதுல குடுங்க. தாலிபான் காலத்து காபூல்ல பதினோரு வயசு பர்வானா, அப்பாவைப் பிடிச்சுட்டுப் போனதும் முடியை வெட்டிட்டுப் பையன் வேஷத்துல சம்பாதிக்கப் போறா, ஒரு கட்டத்துல எலும்பு தோண்டி விக்கிற நிலைமை கூட வரும். அருமையான புக். ஆனா கிளாஸ்ல இருக்கிற முஸ்லிம் பிள்ளைங்களை மத்தவங்க வேற மாதிரி பார்க்க அது காரணமாயிடக் கூடாது, பர்வானா குடும்பமும் முஸ்லிம்தான், அவங்கதான் எதிர்த்து நிக்கிறாங்கன்னு அழுத்திச் சொல்லுங்க.

எட்டாவதுக்கு மொர்பர்கோவோட இன்னொரு நாவல், 'பிரைவேட் பீஸ்ஃபுல்'. ஒரே ராத்திரியில தம்பி தன் வாழ்க்கை முழுக்க நினைச்சுப் பார்க்கிறான், விடிஞ்சா அண்ணனை அவனோட சொந்த ராணுவமே சுட்டுக் கொல்லப் போகுது. இப்படி முன்னூத்துச் சொச்சம் பேரைப் பிரிட்டிஷ் ராணுவம் முதல் உலகப் போர்ல சுட்டிருக்கு, 2006லதான் அவங்களுக்கு மன்னிப்பு குடுத்தாங்க. இதை வெறுமனே ஷெல்ஃப்ல வச்சுட்டு விடாதீங்க, படிச்ச பிள்ளை திருப்பிக் குடுக்கும்போது ரெண்டு நிமிஷம் நிறுத்திப் பேசுங்க.

லைப்ரரியில இருக்கும் ஆனா கேட்டாத்தான் எடுத்துக் குடுப்போம்னு பூட்டி வைக்கிற வழியை மேனேஜ்மென்ட் சொன்னா ஒத்துக்காதீங்க. ஜப்பான்ல மாட்சுயேங்கிற ஊர்ல 2012 கடைசியில இதைத்தான் செஞ்சாங்க. ஹிரோஷிமா குண்டுல தப்பிச்ச கெய்ஜி நகசாவா வரைஞ்ச 'பேர்ஃபுட் ஜென்'ங்கிற மங்காவை, அதாவது ஜப்பான் காமிக்ஸை, ஸ்கூல் லைப்ரரியில பிள்ளைங்க தானா எடுக்க முடியாதபடி உள்ள வைக்கச் சொல்லி கல்வி போர்டு சொல்லுச்சு, பெரிய எதிர்ப்பு கிளம்பி 2013 ஆகஸ்ட்ல வாபஸ் வாங்கினாங்க. அந்த மங்கா கடுமையானதுதான், எட்டாவதுக்குக் கீழ நானும் குடுக்க மாட்டேன், ஆனா பூட்டி வச்ச புக்கைக் கேட்க வெக்கப்படுற பிள்ளைதான் அதிகம். எட்டாவதுக்குன்னு தனி ஷெல்ஃப் போட்டா போதும்.

கேள்வி: என் பொண்ணு ஏழாவது. 'த பாய் இன் த ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்' படிச்சு அழுதுட்டு இருந்தா. சின்னப் பசங்க நட்பைப் பத்தின புக்தானேன்னு வாங்கிக் குடுத்தேன். பரவாயில்லையா?

பதில்: அழுதது தப்பே இல்லம்மா. எனக்கு வருத்தம் அந்தப் புக் மேலதான். அட்டையையும் நடையையும் பார்த்தா ரொம்ப சாஃப்ட்டான கதை மாதிரி இருக்கும், ஆனா முடிவுல கேம்ப் அதிகாரியோட பையனும் உள்ள இருக்கிற யூதப் பையனும் விஷவாயு அறையில சாகுறாங்க, பக்கத்துல பிடிச்சுக்க ஒரு பெரியவங்க கிடையாது. அதை விடப் பெரிய பிரச்சினை, ஹிட்லரோட ஆளுங்க யூதர்களைக் கொன்ன ஆஷ்விட்ஸ் கேம்ப்ல, வேலிக்குப் பக்கத்துல ஒரு யூதப் பையன் தினமும் உக்கார்ந்து பேசிட்டு இருக்க முடியாது. அது கரண்ட் பாயுற வேலி, சுத்தி காவல். அங்க கொண்டுவந்த சின்னப் பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களை வந்து இறங்கின அன்னைக்கே கொன்னுட்டாங்க. ஹோலோகாஸ்ட், அதாவது யூத இனப்படுகொலை, சரித்திரம் படிக்கிறவங்களும் சொல்லிக்குடுக்கிறவங்களும் இந்தப் புக்கைத் தவிர்க்கணும்னு ஆஷ்விட்ஸ் மியூசியமே 2020ல சொல்லிடுச்சு. இன்னொண்ணும் கவனிங்க, முடிவுல நாம அதிகமா அழுறது கேம்ப் அதிகாரியோட பையனுக்காக. இதையெல்லாம் பொண்ணுகிட்ட உக்கார்ந்து பேசுங்க, ஏழாவது பிள்ளைக்குப் புரியும். அடுத்து ஜூடித் கெர் எழுதின 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்' குடுங்க. அவங்க குடும்பமே 1933ல பெர்லினை விட்டு ஓடினவங்க, அந்த அனுபவத்துல இருந்து எழுதினது.

கேள்வி: எங்க ஸ்கூல்ல இலங்கை அகதி முகாம்ல இருந்து வர்ற பிள்ளைங்க சிலர் படிக்கிறாங்க. போர்க் கதையை கிளாஸ்ல வாசிக்கும்போது அவங்களைப் பேசச் சொல்லலாமா சார், மேடம் யாராவது சொல்லுங்க.

பதில்: வேண்டாம் சார், நீங்களா எழுப்பிப் பேசச் சொல்லாதீங்க. அந்தப் பிள்ளைங்கள்ல நிறைய பேர் இங்கயே பிறந்தவங்க, போரைக் கண்ணால பார்த்தது அப்பா அம்மா, தாத்தா பாட்டி. ராத்திரியில படகேறி மண்டபம் முகாமுக்கு வந்த கதை வீட்ல பேசுவாங்களா, பேசவே மாட்டாங்களான்னு நமக்குத் தெரியாது. கோபன்ஹேகன் பிள்ளைங்க படகுல ஒளிஞ்சு கடல் தாண்டுற பக்கத்தைப் படிக்கும்போது அவங்களா ஏதாவது சொன்னா முழுசா கேளுங்க, சொல்லலைன்னா அடுத்த பக்கம் போங்க. வாசிக்கப் போற நாளுக்கு முன்னாடியே அவங்களைத் தனியா கூப்பிட்டு கதை எதைப் பத்தினதுன்னு சொல்லிடுங்க, அந்த பீரியட் லைப்ரரியில இருக்கணும்னு ஆசைப்பட்டா காரணம் கேட்காம அனுப்பி வைங்க.