மகன் ராக் பேண்டோடு கிளம்புகிறான், தடுக்கலாமா?

கேள்வி: அரிசோனாவில் சாண்ட்லர் நகரில் பல வருடமாக இருக்கிறோம். ஒரே மகன், 23 வயது. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டான். நல்ல வேலையும் கிடைத்திருக்கிறது, ஆனால் சேர மாட்டேன் என்கிறான். மிடில் ஸ்கூலிலிருந்து கூடவே இருக்கும் மூன்று நண்பர்களோடு ராக் பேண்ட் வைத்திருக்கிறான். எங்கள் வீட்டு கராஜில்தான் பயிற்சி. இப்போது வேன் எடுத்துக்கொண்டு ஆறு வாரம் ஊர் ஊராகப் போய் வாசிக்கப் போகிறார்களாம். ஒரு சின்ன ரெக்கார்ட் கம்பெனி கான்ட்ராக்ட் வேறு நீட்டியிருக்கிறது. "இந்த மாதிரி ஊரிலிருந்து யார்டா பெரிய ஆளாக வந்தார்கள்?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மனைவி விட்டுப்பிடிக்கச் சொல்கிறாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நண்பர்கள் போனபின், ராத்திரி எத்தனை மணியானாலும், ஒவ்வொரு வயராக வளையம் வளையமாகச் சுருட்டிக் கட்டி, பெட்டியில் அடுக்கிவிட்டுத்தான் படுக்க வருவான். தன் அறையை அவன் ஒருநாளும் அப்படி வைத்துக்கொண்டதில்லை. கண்டிப்பு காட்டட்டுமா, விட்டுவிடட்டுமா?
பெயர் வேண்டாம், சாண்ட்லர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வயர் சுருட்டும் வரிகளைத்தான். முறுக்கிச் சுருட்டினால் உள்ளே கம்பி அறுந்துபோகும், அடுத்த நிகழ்ச்சியில் பாதிப் பாட்டில் கிட்டார் ஊமையாகிவிடும் என்பது தெரிந்தவர்தான் அப்படிச் சுருட்டுவார்கள். உங்கள் மகனுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. அதை நீங்களும் கவனித்திருக்கிறீர்கள். கவனித்திராவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

நீங்கள் மகனிடம் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பதில் உங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. சாண்ட்லருக்கு வடக்கே, பீனிக்ஸுக்குக் கிழக்கே மீசா. கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் வாழ்ந்தாலும் புறநகர் என்றுதான் பெயர். அகலமான தெருக்கள், ஒரே மாதிரி வீடுகள், வீட்டுக்கு வீடு கராஜ். உங்கள் தெருவும் அப்படித்தான் இருக்கும். அங்கே 1993-ல் பள்ளிக்கூட வயதுப் பையன்கள் நான்கு பேர் தொடங்கிய பேண்ட்தான் ஜிம்மி ஈட் வேர்ல்ட். அதில் பாடி, கிட்டார் வாசிக்கும் ஜிம் அட்கின்ஸும், டிரம்ஸ் வாசிக்கும் ஸாக் லிண்டும் மழலையர் பள்ளியிலிருந்தே நண்பர்கள். இன்னொரு கிட்டார் டாம் லிண்டன். 1995-ல் முதலில் பேஸ் கிட்டார் வாசித்தவருக்குப் பதிலாக ரிக் பர்ச் வந்தார். அதன்பின் ஆள் மாறவே இல்லை.

பெயர் வந்த கதையும் வீட்டுக்குள் நடந்ததுதான். டாமின் தம்பிகள் இருவருக்குள் எப்போதும் சண்டை. பெரும்பாலும் ஜெயிப்பது ஜிம்மி. தோற்ற தம்பி ஒருநாள் கிரேயான் எடுத்து, ஜிம்மி உலக உருண்டையை வாயில் திணித்துக்கொள்வதுபோல் ஒரு படம் வரைந்து, அடியில் 'ஜிம்மி உலகத்தைத் தின்கிறான்' என்று தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதிவைத்தான். அதைத்தான் பேண்டுக்குப் பெயராக வைத்தார்கள்.

நான் 2002-ல் பீனிக்ஸை ஒட்டிய டெம்பி நகரில் படித்துக்கொண்டிருந்தேன். எந்தக் காரில் ஏறினாலும் ரேடியோவில் இவர்களுடைய 'தி மிடில்' பாட்டு. அந்த வருடம் அமெரிக்காவின் ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. ஒரே ராத்திரியில் வந்த அதிர்ஷ்டம் என்றுதான் நானும் அப்போது நினைத்தேன். பிறகு பழைய சிடி கடையில் இவர்களுடைய 'கிளாரிட்டி' ஆல்பம் கிடைத்தது. அதன் கடைசிப் பாட்டு 16 நிமிடம் ஓடும். பெயரில் பீனிக்ஸின் ஸ்கை ஹார்பர் விமான நிலையம் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று தேடிப் படித்தேன். உங்கள் மகனுக்கும் உங்களுக்கும் உதவக்கூடிய பகுதி அந்த ஹிட் பாட்டுக்கு முந்தைய வருடங்கள்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1995-ல் கேப்பிடல் என்ற பெரிய கம்பெனி இவர்களை ஒப்பந்தம் செய்தது. இருபது வயதை ஒட்டிய பையன்கள். அந்த வயதில் பெரிய கம்பெனி கையெழுத்து என்றால் வாழ்க்கை செட்டில் ஆகிவிட்டது என்று யாருக்கும் தோன்றும். 1996-ல் ஒரு ஆல்பம், 1999-ல் 'கிளாரிட்டி'. இன்றைக்கு அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்குக் கம்பெனி எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, கை கழுவிவிட்டது. ஆறு வருட உழைப்பு, பெரிய கம்பெனியில் இரண்டு ஆல்பம், கையில் ஒப்பந்தம் இல்லை. ரொம்பப் பேர் இந்த இடத்தில்தான் கலைந்துபோகிறார்கள்.

இவர்கள் வேலைக்குப் போனார்கள், ஐயா. ஜிம் ஓவியச் சாமான் விற்றார். ஸாக் கார் டீலரிடம் வேலை செய்தார். டாம் கட்டட வேலைக்குப் போனார். ரிக் கார் உதிரி பாகம் விற்றார். அந்தச் சம்பளத்தையும் டூரில் வந்த காசையும் போட்டு அடுத்த ஆல்பத்தைத் தாங்களே பதிவு செய்தார்கள். முந்தைய இரண்டு ஆல்பங்களையும் தயாரித்த மார்க் ட்ராம்பினோ, 'பணம் பிறகு வரட்டும்' என்று கூட நின்றார். வேலை முடிந்து ஆல்பம் கையில் இருந்ததால், இந்தத் தடவை கம்பெனிகள் இவர்களைத் தேடி வந்தன. ட்ரீம்வொர்க்ஸ் எடுத்துக்கொண்டு 2001 ஜூலையில் 'ப்ளீட் அமெரிக்கன்' என்று வெளியிட்டது. இரண்டே மாதத்தில் செப்டம்பர் 11 தாக்குதல். ரத்தம் சிந்துவது பற்றிய தலைப்பு அந்த நேரத்தில் தவறாகப் படும் என்று ஆல்பத்தின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. அப்படியும் 'தி மிடில்' மேலே வந்தது, ஆல்பம் அமெரிக்காவில் பத்து லட்சம் தாண்டியது. தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஒன்பது வருடம்.

ஆகவே 'வேலையா, பாட்டா' என்ற கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள், அவனையும் கேட்கவிடாதீர்கள். இந்த நால்வருக்கு வேலைதான் பாட்டுக்குச் சோறு போட்டது. கிடைத்த வேலையில் சேரும் தேதியை இரண்டு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று கம்பெனியிடம் அவனையே கேட்கச் சொல்லுங்கள். ஆறு வாரம்தானே டூர்? கேட்பதில் தப்பில்லை. முடியாது என்று சொல்லிவிட்டால், டூர் முடிந்து வந்ததும் பகுதிநேர வேலையாவது பார்ப்பேன் என்று அவன் வாயால் ஒரு வார்த்தை வாங்கிக்கொள்ளுங்கள். 26 வயது வரை உங்கள் ஹெல்த் இன்ஷூரன்ஸிலேயே அவன் இருக்கலாம். அமெரிக்கச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. வேனில் ஊர் சுற்றும் பையனுக்கு அப்பா செய்யக்கூடிய பெரிய உதவி அது.

அப்புறம் அந்தக் கான்ட்ராக்ட். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இசைத் துறை ஒப்பந்தம் தெரிந்த வக்கீல் ஒருவர் படிக்காமல் நால்வரில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. வக்கீல் ஃபீஸ் நீங்கள் கொடுங்கள், பிறந்தநாள் பரிசு என்று வைத்துக்கொள்ளட்டும். கம்பெனி தரும் அட்வான்ஸ் சம்பளம் இல்லை. ஸ்டுடியோ செலவையும் சேர்த்து, பேண்டுக்கு வரவேண்டிய விற்பனைப் பங்கான ராயல்டியிலிருந்து அதைக் கழித்துக்கொள்வார்கள். அது தீரும்வரை ஆல்பம் விற்றாலும் பையன்கள் கைக்குக் காசு வராது. எத்தனை ஆல்பத்துக்குக் கட்டிப்போடுகிறார்கள், பதிவான ஒலிநாடா யாருக்குச் சொந்தம், கம்பெனி கைவிட்டால் அது திரும்பக் கிடைக்குமா என்பதையெல்லாம் வக்கீலிடம் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம்.

கம்பெனிக்காரர்களைவிட நால்வருக்குள் இருக்கும் ஒப்பந்தத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். அமெரிக்காவில் எஃப்எம் ரேடியோவில் பாட்டு ஓடினால் பணம் பாட்டு எழுதியவருக்குத்தான் போகும், வாசித்தவருக்கு இல்லை. ஒரே வேனில் தூங்கி எழுந்த நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் செக் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பல பேண்டுகள் உடைவது இங்கேதான். 'தி மிடில்' பாட்டை எழுதியவர்கள் என்று நான்கு பேர் பெயரையும் போட்டிருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. ஆரம்பத்தில் பெரும்பாலான பாட்டுகளைப் பாடியவர் டாம். 'கிளாரிட்டி' வரும்போது முக்கியக் குரல் ஜிம்முடையதாகிவிட்டது. பாடகராக இருந்தவர் மைக்கை விட்டு ஓரமாக நின்று, வருடக்கணக்கில் கிட்டார் வாசிப்பது எவ்வளவு பெரிய மனசு! டாம் கோபித்துக்கொண்டு போயிருந்தால் நான் டெம்பியில் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கவே மாட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். உங்கள் மகனிடம் 'பாட்டு எழுதுவது யார், காசு எப்படிப் பிரிப்பீர்கள்' என்று கேளுங்கள். பதில் தயாராக இருந்தால் பயப்பட வேண்டாம். முழித்தால், டூருக்குப் போகுமுன் நால்வரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அதே காலத்தில் டெம்பியிலிருந்து ஜின் பிளாசம்ஸ் என்ற பேண்ட் பெரிதாக வந்தது. அதன் புகழ்பெற்ற பாட்டை எழுதிய டக் ஹாப்கின்ஸ் என்ற கிட்டார்க் கலைஞரை, குடிப்பழக்கத்தால் 1992-ல் வெளியேற்ற வேண்டி வந்தது. பாட்டு நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தபோது, 1993 டிசம்பரில், 32 வயதில் அவர் இறந்துபோனார். இதை எழுதவே மனசு கனக்கிறது. இந்தத் தொழில் நடப்பது பெரும்பாலும் மதுக்கடைகளில். காசு தராவிட்டாலும் பீர் தருவார்கள். வருமானத்தைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். டூரில் இருக்கும்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை அவனோடு பேசுங்கள். 'எவ்வளவு சம்பாதித்தாய்' என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, வேனை யார் ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். ராத்திரி நிகழ்ச்சி முடித்துவிட்டு விடிய விடிய ஓட்டுவதும் குடிக்குச் சமமான ஆபத்துதான்.

எல்லா பேண்டும் ஜிம்மி ஈட் வேர்ல்ட் ஆகிவிடாது. இந்த ஆறு வாரத்தில் பெட்ரோல் காசு டி-ஷர்ட் விற்றுத்தான் வரும், சில ஊர்களில் பத்துப் பேருக்கு முன்னால் வாசிப்பார்கள். அந்த நால்வருமே 'தி மிடில்' அளவுக்கு இன்னொரு ஹிட் கொடுக்கவில்லை. ஆனால் 2004, 2007, 2010, 2013, 2016, 2019 என்று ஆல்பம் போட்டுக்கொண்டே இருந்தார்கள், அதே நான்கு பேரோடு. அதை நான் பெரிய வெற்றி என்று சொல்வேன். உங்கள் மகன் மூன்று வருடம் வாசித்துவிட்டு விட்டுவிடலாம். நாற்பது வயதிலும் வேலைக்குப் போய்க்கொண்டே சனிக்கிழமைகளில் வாசிக்கலாம். அதுவும் நல்ல வாழ்க்கைதான்.

'தி மிடில்' பிறந்த விதம் தெரியுமா? பள்ளியில் தன்னை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை, இசை பிடித்த கூட்டத்துக்குக்கூட தான் போதவில்லை என்று ஒரு ரசிகை மின்னஞ்சல் எழுதியிருந்தாள். அதிலிருந்துதான் ஜிம்முக்கு அந்தப் பாட்டு வந்தது. போதவில்லை என்று அப்பாவே சொன்னால் எவ்வளவு வலிக்கும் என்று பாருங்கள். நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விதான் அவன் வாயை அடைத்திருக்கிறது. 'பக்கத்து ஊரைப் பற்றித் தெரியாமல் கேட்டுவிட்டேன்டா' என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த பயிற்சி நாளில் கராஜுக்குள் போய் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். ஒரு பாட்டாவது முழுசாகக் கேளுங்கள், இடையில் எழுந்து வராதீர்கள். மூடின இடத்தில் டிரம்ஸ் சத்தம் காதைக் கெடுத்துவிடும், அதனால் ஐந்து ஜோடி காதடைப்பான் வாங்கிக்கொண்டு போங்கள். நாலு அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு. எல்லோரும் கிளம்பியதும் ஒரு வயரைக் கையில் எடுத்து, எப்படிச் சுருட்ட வேண்டும் என்று அவனிடம் கேளுங்கள்.