பிரௌசரில் மேக்ரோ ஓடாதது ஏன்? - அலுவலகக் கணினி கேள்வி பதில்

கேள்வி: மொத்த வியாபாரக் கடைக்கு எக்செலில் இருப்புக் கணக்கு வைத்திருக்கிறோம். ஒரு பட்டனைத் தட்டினால் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஓடி பில் தயாராகிவிடும். ஃபைலை ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகம்) ஏற்றி பிரௌசரில் திறந்தால் பட்டன் வேலை செய்யவில்லை. ஃபைல் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, பயப்பட வேண்டாம். மேக்ரோ எழுதப்பட்ட விபிஏ மொழி, கணினியில் நிறுவிய எக்செலில்தான் ஓடும். பிரௌசர் எக்செலில் அதை ஓட்ட வழியே கிடையாது. ஆனால் .எக்ஸ்எல்எஸ்எம் ஃபைலை (மேக்ரோ உள்ள எக்செல் ஃபைல்) அங்கே திறந்து எண்ணிக்கையைத் திருத்தினாலும் உள்ளே இருக்கும் மேக்ரோவுக்கு ஒன்றும் ஆகாது. யாராவது அதை .எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (மேக்ரோ இல்லாத சாதாரண வகை) ஆக சேவ் செய்தால்தான் மேக்ரோ மொத்தமாகப் போய்விடும். அதனால் மூல ஃபைலின் நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பில் போடும் நேரத்தில், மேலே ‘எடிட்டிங்’ என்று இருக்கும் பட்டனைத் தட்டி ‘ஓபன் இன் டெஸ்க்டாப்’ கொடுங்கள். அதே ஃபைல் கணினி எக்செலில் திறக்கும். சேவ் ஆவதும் ஒன்டிரைவிலேயே. டவுன்லோட் செய்து திறந்தால்தான் சிக்கல். இணையத்திலிருந்து இறங்கிய ஃபைல்களில் மேக்ரோ ஓடுவதை மைக்ரோசாஃப்ட் 2022இல் தடுக்கத் தொடங்கியது. மேலே சிவப்புப் பட்டை வந்து நிற்கும். அப்போது ஃபைலை மூடி, அதன்மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ஜெனரல் பக்கத்தின் அடியில் ‘அன்பிளாக்’கை டிக் செய்ய வேண்டும். யார் எழுதியது என்று உறுதியாகத் தெரிந்த ஃபைலுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். டவுன்லோடில் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஆளுக்கொரு நகல் பெருகி, எந்த இருப்பு சரி என்றே தெரியாமல் போகும்.

சந்தா வாங்கும்போதும் கவனம் தேவை. மைக்ரோசாஃப்ட் 365 பிஸினஸ் பேசிக் திட்டத்தில் பிரௌசர், மொபைல் வடிவங்கள் மட்டுமே வரும். மேக்ரோவை நம்பி நடக்கும் கடைக்கு அது போதாது; கணினியில் நிறுவும் எக்செல் பிஸினஸ் ஸ்டாண்டர்ட் போன்ற திட்டங்களில்தான் இருக்கிறது.

பிரௌசரிலேயே பட்டன் வேண்டும் என்றால் ‘ஆட்டோமேட்’ டேபில் ஆபீஸ் ஸ்கிரிப்ட்ஸ் இருக்கிறது. அதற்கு எழுதுவது டைப்ஸ்கிரிப்ட் என்ற வேறு மொழியில். பழைய மேக்ரோவை அதில் ஒட்டினால் ஓடாது, புதிதாகத்தான் எழுத வேண்டும். உங்கள் கணினியின் ஃபோல்டரில் ஒரு ஃபைலை எழுதி வைப்பது போன்ற வேலைகளை அதனால் செய்ய முடியாது. பில்லை லோக்கல் ஃபோல்டரில் சேர்க்கும் மேக்ரோ என்றால் மாற்றாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: ஆபீஸ் கணினியில் 12,34,567 என்று தெரியும் தொகை, வீட்டில் பிரௌசரில் 1,234,567 என்று வருகிறது. லட்சக் கணக்கில் காட்ட என்ன செய்வது?

பதில்: கணினி எக்செல், காற்புள்ளி போடும் முறையை விண்டோஸின் ரீஜன் அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிரௌசர் எக்செலுக்கு அது தெரியாது. அதற்குத் தனி அமைப்பு. ஃபைல், ஆப்ஷன்ஸ், ‘ரீஜனல் ஃபார்மட் செட்டிங்ஸ்’ போய் இங்கிலீஷ் (இந்தியா) தேர்ந்தெடுங்கள். எந்தக் கணினியில் திறந்தாலும் மாறக்கூடாது என்றால் செல்லின் கஸ்டம் ஃபார்மட்டில் இதைக் கொடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

இதில் ஒரு குறை உண்டு. மைனஸ் தொகைகள் மூன்றாவது பகுதிக்குப் போய்விடுவதால் -1,234,567 என்று பழையபடியே வரும். பற்று வரவில் மைனஸ் வரும் பத்திக்குத் தனியாக வேறு ஃபார்மட் போடுங்கள்.

காற்புள்ளியைவிட எனக்குக் கவலை தருவது தேதி. அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 13/05/2025 என்று அடிப்பது எழுத்தாக மாறி இடப்பக்கம் ஒட்டி நிற்கும், அதையாவது கண்டுபிடித்துவிடலாம். 04/05/2025 சத்தமில்லாமல் ஏப்ரல் 5 ஆகிவிடும். மே மாத பில் ஏப்ரல் கணக்கில் ஏறி, ஜிஎஸ்டி தாக்கல் வரை போகும். தேதிப் பத்தியை ஒருமுறை ‘லாங் டேட்’டில் போட்டு, மாதத்தின் பெயரைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டேலிபிரைம் (கணக்கு மென்பொருள்) ரிப்போர்ட்டை பிரௌசரில் பார்க்க முடிகிறது. வவுச்சர் (கணக்குப் பதிவு) போட வழி தெரியவில்லையே?

பதில்: வழி இல்லை என்பதால்தான் தெரியவில்லை. பிரௌசர் வசதி, ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கும் டவுன்லோட் செய்வதற்கும் மட்டுமானது. தரவு டேலியின் சர்வரில் தங்குவதில்லை. உங்கள் ஆபீஸ் கணினியிலிருந்தே அந்த நேரத்துக்கு வருகிறது. எனவே அங்கே டேலி திறந்து, கம்பெனி லோட் ஆகி, இணைப்பில் இருக்க வேண்டும். இரவில் ரிப்போர்ட் வராமல் போனால் முதலில் அந்தக் கணினி ஸ்லீப்புக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். பவர் அமைப்பில் ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்கி, சிறிய யுபிஎஸ் ஒன்றையும் மாட்டிவிடுங்கள். வெளியிலிருந்து வவுச்சர் போட, ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்து ஒரு கணினியை இயக்கும் வசதி) மூலம் அந்தக் கணினிக்குள்ளேயே நுழையலாம்.

கேள்வி: பிரௌசர் எக்செலில் சேவ் பட்டனைக் காணோம். தவறாக அழித்துவிட்டால்?

பதில்: அடிக்க அடிக்கத் தானாகவே சேவ் ஆகிவிடும், ‘சேவ் செய்யாமல் மூடுவது’ அங்கே இல்லை. உடனே கவனித்தால் கன்ட்ரோல் + இஸட் போதும். மறுநாள் தெரிந்தால் ஃபைல், இன்ஃபோ, ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ போய் முந்தைய நாள் வடிவத்தை மீட்டெடுக்கலாம். நால்வர் சேர்ந்து வேலை செய்யும் ஷீட்டில் ஃபில்டர் போடும் முன், ‘வியூ’ டேபில் புதிய ‘ஷீட் வியூ’ ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்கள் மறைத்த வரிசைகள் மற்ற மூவருக்கும் மறைந்துவிடும்.