பல வருஷம் ஓடாம நின்ன பிரீமியர் பத்மினி காருக்கு கார்புரேட்டர் மட்டும் கிளீன் பண்ணா போதுமா?

போதாது. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம்) கடைசியா பண்ற வேலை, முதல்ல பெட்ரோல் டேங்க். அதுல அழுக்க விட்டுட்டு சோலெக்ஸ் கார்புரேட்டர எவ்ளோ பளபளன்னு கழுவினாலும் நாலு கிலோமீட்டர்ல அதுல பெட்ரோல் போற சின்ன பித்தளை ஓட்டை, அதாவது ஜெட், திரும்ப அடைச்சுக்கும்.

டேங்க கழட்டி ட்ரெயின் பண்ணுங்க, பழைய பெட்ரோல் பெயிண்ட் வார்னிஷ் மாதிரி நாறும். உள்ள லேசான துருன்னா வினிகர் ஊத்தி ஒரு நாள் ரெண்டு நாள் விட்டு, சோடா உப்பு கரைச்ச தண்ணில அலசி, நல்லா காய வைங்க. ஓட்டை இருந்தா நீங்களா வெல்டிங் வைக்காதீங்க, காலி டேங்க்ல இருக்குற ஆவியே வெடிக்கும்.

ரப்பர் ஹோஸ் பாக்க நல்லா இருந்தாலும் தூக்கிப் போடுங்க. இப்ப பங்க்ல வர்ற இ20ல 20% எத்தனால், அது பழைய ரப்பர ஊற வச்சு இளக்கிடும், அதனால எத்தனால் தாங்குற ஹோஸ்னு கேட்டு வாங்குங்க, பெட்ரோல் பம்புக்குள்ள இருக்குற டயாப்ரமும் (மெல்லிசான சவ்வு) அப்படித்தான். டயாப்ரம் கிழிஞ்சா பெட்ரோல் நேரா இன்ஜின் ஆயில்ல இறங்கும், ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்க எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாசம் வந்தா ஆயில மாத்தாம ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

கார்புரேட்டர் ஜெட்டுக்குள்ள கம்பிய விட்டு நோண்டுற மெக்கானிக் கிட்ட வண்டியவே குடுக்காதீங்க (நிறைய பேர் இதத்தான் பண்றாங்க), பித்தளை ஓட்டை பெருசாச்சுன்னா மைலேஜ் போச்சு, கிளீனர் ஸ்ப்ரேவும் ஏர் பிரஷரும் போதும். கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல்ல மிதக்குற ப்ளோட்ட காதுகிட்ட வச்சு ஆட்டுங்க, உள்ள பெட்ரோல் சத்தம் கேட்டா அது ஓட்டை. கேஸ்கெட், நீடில் வால்வு (ப்ளோட் மேல வந்தா பெட்ரோல அடைக்கிற ஊசி) புதுசா போட்டுட்டு, பம்புக்கு முன்னாடி ஒரு பில்டர் மாட்டிருங்க.