பூனைக்கு நாய் மருந்து

கேள்வி: மூன்றாவது மாடி வீடு. பூனை வாசலைத் தாண்டாது. இதயப்புழுத் தடுப்பு மருந்து விடச் சொல்கிறார் டாக்டர். தண்டச் செலவுதானே? (தண்டையார்பேட்டை)

பதில்: பூனை தாண்டாது, சரி. பக்கிங்காம் கால்வாய்க் கொசு தாண்டாதா? அந்தப் புழு பரவுவதே கொசுக்கடியில்தான்.

கேள்வி: பூனைக்கென்று கேட்டும் பெட் ஷாப்பில் நாய்ச் சொட்டு மருந்தைக் கொடுத்து, “பாதி விடுங்க, ஒண்ணும் ஆகாது” என்றார்கள். இரவெல்லாம் பூனைக்கு வெட்டி வெட்டி இழுத்தது. வேப்பேரி ஆஸ்பத்திரியில் காப்பாற்றினார்கள். “அட்டையைப் படிக்கலையா?” என்கிறார் கடைக்காரர். (வியாசர்பாடி)

பதில்: படிக்க அட்டையை எங்கே கொடுத்தார் அவர்? இதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெட்டியைப் பிரித்து டியூப்பை உதிரியாக விற்பது, பில் கேட்டால் துண்டுக் காகிதத்தில் தொகையைக் கிறுக்குவது. எச்சரிக்கை எல்லாம் பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய் தாங்கும். பூனையின் கல்லீரலுக்கு அதை முறிக்கத் தெரியாது. நரம்பைத் தாக்கும், உயிரும் போகும். பாதி விட்டாலும் விஷம்தான். உங்கள் மேல் தப்பே இல்லை. காலி டியூப், ஜிபேயில் பணம் போன விவரம், ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அசையவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. 2 ஆண்டுக்குள் புகாரைப் போட வேண்டும்.

கேள்வி: பூனைக்கு இருமல், இழுப்பு. கடையில் பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டேன். இதயப்புழுவும் செத்திருக்குமா? (ராயபுரம்)

பதில்: குடல் பூச்சி வேறு, இது வேறு. இது நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் குடியிருக்கும். பூனைக்கு ஒன்றிரண்டு புழுவே போதும். பார்த்தால் ஆஸ்துமா மாதிரியே தெரியும். வளர்ந்த புழுவைக் கொல்ல நாய்க்குப் போடும் ஊசி பூனைக்கு ஆபத்து. அதனால்தான் வருமுன்னே, செலாமெக்டின் போன்ற மருந்தை மாதா மாதம் பின்கழுத்து முடியை விலக்கித் தோலில் விடச் சொல்கிறார்கள். மூச்சு இழுக்கும் பூனையை வைத்துக்கொண்டு எனக்கு எதற்குக் கடிதம்? டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: பெரிய பூனைக்கான டியூப்பை இரண்டு குட்டிகளுக்குப் பிரித்து விடலாமா? (கொருக்குப்பேட்டை)

பதில்: கூடாது.

கேள்வி: ஒலியால் கொசு விரட்டும் கருவி வாங்கினால் மருந்துச் செலவு மிச்சமாகுமா? (திருவொற்றியூர்)

பதில்: 899 ரூபாய் கொடுத்து நானும் ஒன்று வாங்கினேன். பச்சை விளக்கு ஜோராக எரிந்தது. மூன்றாம் நாள் அந்த விளக்கின் மேலேயே ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. வேண்டுமானால் என்னுடையதை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.