பொறியாளர் பதில்கள்: மலை ரோடு அறுந்தால் ஏன் சீக்கிரம் திறப்பதில்லை?

(நெடுஞ்சாலைத் துறையில் மலைப் பிரிவுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது காரைக்குடியில் வசிக்கும் பொறியாளர் இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

என் மகன் அமெரிக்காவில் சார்லட் நகரில் இருக்கிறான். ஹெலீன் புயலில் டென்னசி பக்கம் போகும் மலை நெடுஞ்சாலை அறுந்து, ஐந்து மாதம் கழித்துத்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு தடம் திறந்தார்களாம். கஜா புயலுக்குப் பிறகு நம் கொடைக்கானல் ரோட்டைச் சீக்கிரமே திறந்துவிட்டார்களே. அவ்வளவு வசதி உள்ள நாட்டில் ஏன் இத்தனை தாமதம்?
— வாசகர், கண்டனூர்

இரண்டும் வேறு வேறு சேதம் ஐயா. 2018 நவம்பரில் கஜா கொடைக்கானல் மலையில் பெரும்பாலும் மரங்களைச் சாய்த்தது, மண்ணை ரோட்டில் தள்ளியது. மரம் அறுக்கும் மெஷினும் ஜேசிபியும் இரவு பகலாக நின்றால் வழி கிடைத்துவிடும். ரோட்டின் மேல் கிடப்பதை அள்ளுகிற வேலை அது.

உங்கள் மகன் சொல்வது ஐ-40 சாலை. வட கரோலினாவில் பிஜன் ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்கில், மலைச்சரிவைக் குடைந்து 1960-களில் போட்டது. 2024 செப்டம்பர் கடைசியில் பக்கத்து ஆஷ்வில் நகரில் மூன்று நாளில் சுமார் 35 சென்டிமீட்டர் மழை. நம் சிவகங்கைச் சீமையில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி சேர்ந்து கொடுப்பதற்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆறு பெருகி வந்து சரிவின் அடிக்காலை அரித்துக்கொண்டு போனது. ஆற்றுப் பக்கம் இருந்த கிழக்கு நோக்கிய தடங்கள் பல இடத்தில் மண்ணோடு ஆற்றில் இறங்கிவிட்டன.

கண்மாய்க் கரை அடியில் அரித்துவிட்டால் மேலே எத்தனை லோடு மண் கொட்டினாலும் நிற்குமா? கீழே இருந்துதானே கட்டி வரவேண்டும்? அதேதான். அங்கே முதல் வேலை, போன தடத்தைப் போடுவது அல்ல, மிச்சமிருந்த மலைப் பக்கத் தடங்கள் விழாமல் பிடித்து நிறுத்துவது. சரிவுக்குள் பல மீட்டர் துளைபோட்டு, கம்பி செருகி, சிமெண்ட் பாலை அழுத்தி ஏற்றி, முகப்பில் வலை விரித்துக் கான்கிரீட்டைப் பீய்ச்சியடிப்பார்கள். மண் ஆணி அடிப்பது என்று சொல்வோம். ஒவ்வொரு கம்பியும் இறுகிய பிறகுதான் அடுத்த அடுக்குக்கு இறங்க முடியும். எத்தனை மெஷின் வைத்திருந்தாலும் சிமெண்ட் இறுகும் நேரத்தைக் குறைக்க முடியாது.

2025 மார்ச் 1-ம் தேதி பக்கத்துக்கு ஒரு தடம் திறந்தார்கள். வேகம் மணிக்கு 35 மைல், நம் கணக்கில் 56 கிலோமீட்டர். ஜூன் மாதம் மறுபடி மழை, பாறைச் சரிவு, சில நாள் மூடல். முழு ரோடு வர இன்னும் சில வருஷம் பிடிக்கும். இந்தத் தாமதம் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அவசரத்துக்கு மண் கொட்டித் தார் போட்டிருந்தால்தான் பயப்படுவேன்.

காளையார்கோவில் வழியாகத் தொண்டி போகும் ரோடும் மூணாறு ரோடும் ஒரே நெடுஞ்சாலையாமே? மூணாறில் மட்டும் ஏன் அடிக்கடி சரிகிறது?
— வாசகி, காளையார்கோவில்

ஆமாம் ஆச்சி, தேசிய நெடுஞ்சாலை 85. கொச்சியில் கிளம்பி மூணாறு, போடி, தேனி, மதுரை, சிவகங்கை வழியாக உங்கள் ஊரைத் தாண்டித் தொண்டிக் கடற்கரையில் முடிகிறது. இங்கே அகலப்படுத்த இரண்டு பக்கமும் மண் அடித்தால் போதும். மலையில் அகலம் வேண்டுமென்றால் மலையின் காலைத்தான் வெட்ட வேண்டும். இதே நெடுஞ்சாலையில் மூணாறு பக்கத்தில் வரும் கேப் ரோடு என்ற பகுதியில் அகலப்படுத்தும் வேலை நடந்த 2019, 2020 வருஷங்களில் பாறையும் மண்ணும் திரும்பத் திரும்ப இறங்கின. மலைக்கு வளைவில் மட்டும் அகலம் கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. பத்து நிமிஷம் முன்னால் போய்ச் சேர மலையை அறுக்க வேண்டாம்.

மூணாறு என்றாலே எனக்குப் பெரியவாரைப் பாலம்தான் ஞாபகம் வரும். மறையூர், உடுமலை போகும் ரோட்டில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அது உடைந்தது. தற்காலிகப் பாலம் போட்டார்கள். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் (வரிசை வீடுகள்) மேல் மலை இறங்கியது. எழுபது உயிர், எல்லாம் நம் தமிழ்ச் சனங்கள். அந்த மழையில் தற்காலிகப் பாலமும் போய்விட்டது. மீட்புக்குப் போன வண்டிகள் பாலம் இல்லாமல் தவித்தன. தற்காலிகமாகப் போட்டதை அடுத்த மழைக்குள் நிரந்தரமாக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டு வேனில் கொடைக்கானல் ஏறினோம். ஓரச் சுவர்களில் வரிசையாகச் சின்னக் குழாய்கள். எதற்கு?
— வாசகர், குன்றக்குடி

தண்ணீர் வெளியேற. வீப் ஹோல் என்போம். சுவருக்குப் பின்னால் உடைகல் நிரப்பி, மலையில் ஊறும் நீர் அதன் வழியாக இந்தக் குழாய்க்கு வரும்படி செய்வது. அடைத்துவிட்டால் நீர் பின்னால் தேங்கும். மூன்று மீட்டர் உயரத்துக்குத் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே சுமார் நாலரை டன் பலத்தோடு தள்ளும். ஊறிய மண்ணின் பாரம் தனி.

ஒரு ஐப்பசி மழையில், வயிறு தள்ளி நின்ற சுவரைப் பார்க்கப் போனோம். கூட வந்த கொத்தனார் ஒரு குழாய்க்குள் கம்பியை விட்டுக் குத்தினார். முதலில் ஒரு பிளாஸ்டிக் பை வந்தது, அப்புறம் பிஸ்கட் உறை, களிமண் உருண்டை. அதற்குப் பிறகு செக்கச்செவேலென்று தண்ணீர் பீறிட்டு எங்கள் காலை நனைத்தது. தெளிந்து வரும்வரை அங்கேயே நின்றோம். அந்தச் சுவர் விழவில்லை. மலையில் ஒரு ரூபாய் இருந்தால் அதை முதலில் ஓடைக்கும் குழாய்க்கும் செலவழிக்கச் சொல்வேன், தாருக்கு அப்புறம். வேனில் போகிறவர்கள் தயவுசெய்து ஓரத்தில் குப்பை போடாதீர்கள்.

வெட்டிவேர் நட்டால் சரிவு நிற்குமா?
— வாசகி, பள்ளத்தூர்

மேல் மண் வழுக்குவதை நன்றாகத் தடுக்கும். அதன் வேர் இரண்டு, மூன்று மீட்டர் நேராக இறங்கும். அதற்குக் கீழே நகரும் சரிவை வேர் பிடிக்காது. நீலகிரியில் மண் ஆணியும் புல் விதைப்பும் சேர்த்துச் செய்திருக்கிறார்கள், அந்தச் சேர்க்கைதான் சரி.

கார்த்திகையில் குடும்பத்தோடு மலைக்குப் போகலாமா?
— வாசகர், தேவகோட்டை

கனமழை எச்சரிக்கை இருந்தால் தள்ளிப் போடுங்கள். போனால், பகலில் ஏறி பகலில் இறங்குங்கள். ரோட்டின் பள்ளத்துப் பக்கம் நீளவாக்கில் புது விரிசல், வெளியே தள்ளிய சுவர், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்குவது, சின்னக் கற்கள் விட்டுவிட்டு உருள்வது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்காதீர்கள். தாண்டிப் போய், 1077-க்கு அழைத்து மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் எந்த வளைவு என்று சொல்லுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் எண் பலகை இருக்கும், அந்த எண்ணைச் சொன்னால் ஆட்கள் நேராக வந்துவிடுவார்கள்.